மாமரத்துக்குக் கட்டிய தகரம்

எங்கள் ஊரில் ஆள் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். பாளை சீவ ஏறியவன் தென்னையின் மேலிருந்து பாடியே ஆக வேண்டும். கீழே கிணற்றடியில் பெண்கள் குளித்துக்கொண்டிருக்கலாம், மேலே ஒருவன் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக வந்த வழக்கம் என்பார்கள். கில்பர்ட் தீவுகளிலிருந்து கப்பலேறி இந்தக் கீசோ தீவுக்குக் குடிவந்தபோது பாய், வலை, பாளைக் கத்தியோடு இந்த வழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். நான் சிம்போ தீவுக்காரி. இருபத்துமூன்று வயதில் இவர்களுடைய மருந்தகத்துக்கு நர்ஸாக வந்து, இவர்களில் ஒருவனையே கட்டிக்கொண்டு, இங்கேயே நரைத்துப்போனவள். முதல் வருஷம் அந்தப் பாட்டுச் சத்தம் எனக்குத் தலைவலியாக இருந்தது. இப்போது ஒரு வேளை கேட்கவில்லை என்றால் சோறு இறங்காது.

பாளை சீவுகிறவர்களில் நபுவாக்காவுக்குக் குரல் கிடையாது. டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கும். ஆனாலும் அவர் ஏறினால் ஊரே கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். மற்றவர்கள் அப்பன் பாட்டன் பாடியதைப் பாடுவார்கள். இவர் அன்றைக்கு மேலிருந்து கண்ணில் பட்டதைப் பாடுவார். எவன் வீட்டுப் பன்றி எவன் தோட்டத்துக் கிழங்கைத் தோண்டுகிறது, எந்த மருமகன் வலை பின்னப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படகு நிழலில் குறட்டை விடுகிறான், நர்ஸம்மா மருந்தகத்தைச் சாத்திவிட்டு எந்த வீட்டில் பாக்கு மெல்லுகிறாள், எல்லாம் பாட்டாக வந்துவிடும். என்னைப் பாடிய வாரம் அவருக்கு ஒரு ஊசி போட வேண்டியிருந்தது. இருந்ததிலேயே தடித்த ஊசியாகப் பார்த்து எடுத்தேன்.

ஆள் ஒல்லி. காலையில் ஏழு மரம், சாயங்காலம் ஏழு மரம். இறக்கிய பதநீரில் முதல் குப்பி கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போகும், மிச்சத்தை அவர் மனைவி அகினெத்தி பாகாகக் காய்ச்சுவாள். அகினெத்திக்குக் கை சுத்தம், வாய்தான் காரம். புருஷனிடம் அவள் பிரியமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் அவர் மரத்தில் இருக்கிற நேரம் முழுக்க அவள் கண் அடுப்பில் இருக்காது, அந்த மரத்தின் உச்சியில்தான் இருக்கும்.

நான் வருவதற்கு முன்பே அவர்களுக்கு மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. நாலாவது நின்றது. மசக்கையில் அவளுக்குத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, மாம்பழம் மட்டும் தங்கியது. தென்னையும் தாழையும் ஈரப்பலாவும் தவிர வேறு மரம் அறியாத மணல்தீவில் பிறந்தவர்கள் இவர்கள். மாமரம் அவர்களுக்குப் புதிது. நபுவாக்கா தினமும் துடுப்புப் போட்டு எதிர்க்கரை மிஷன் தோட்டத்துக்குப் போய், பாதிரியாரிடம் கெஞ்சி, ரெண்டு பழம் வாங்கி வருவார். அவள் கடைசியாகத் தின்ற பழத்தின் கொட்டையை ஒரு பிஸ்கட் டின்னில் முளைக்கப் போட்டு, யாருக்கும் காட்டாமல் வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். மூன்று முறை ஏமாந்தவர் நாலாவது முறையும் நம்பிக் கன்று வளர்த்தார்.

தெபோராவை நான்தான் பிரசவம் பார்த்தேன். துணைக்கு ஆளில்லாமல் நான் பார்த்த முதல் பிரசவம். கொடியை அறுத்து, நச்சுக்கொடியைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்துத் தகப்பன் கையில் கொடுத்தேன். புதைப்பது அவர் வேலை. அவர் கிண்ணத்தைப் பார்த்தபடியே நின்றார்.

"சிஸ்டர், இது உள்ள என்ன வேலை பாக்குது?"

"ஒரு பக்கம் அம்மா ரத்தம் வரும், இன்னொரு பக்கம் புள்ள ரத்தம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. நடுவுல மெல்லிசா ஒரு தோலு. அது வழியா சோறும் காத்தும் இந்தப் பக்கம் போவும். புள்ளயோட கழிவு அந்தப் பக்கம் வந்துரும்."

"அப்ப வேரு."

"வேருன்னே வச்சுக்கங்க. கொண்டுபோங்க அண்ணே, ஈ மொய்க்குது."

எல்லோரும் கொடி புதைத்த குழியில் தென்னை வைப்பார்கள். இவர் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து மாங்கன்றை வைத்தார். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "எம் மக மாம்பழத்துலதான் உருவானா, தென்னைக்கு என்ன பாத்தியதை?" என்று கேட்டுவிட்டார். மரமும் பெண்ணும் ஒன்றாக வளர்ந்தார்கள். மரம் இடுப்பு உயரத்திலேயே இரண்டாகப் பிரிந்து கவடு விட்டது. தெபோரா நடக்கப் படித்ததும் அந்தக் கவட்டில்தான் போய் உட்காருவாள்.

அவள் வளர்ந்து, தலைநகர் ஹொனியாராவில் கப்பல் எஞ்சின் பழுது பார்க்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். அங்கே அவளுக்கும் இரண்டு கரு தங்கவில்லை. அகினெத்தி மாமரத்தின் அடியைத் தினம் பெருக்க ஆரம்பித்தாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், சாயங்கால வானொலியில், உறவுக்காரர்கள் சொல்லியனுப்பும் செய்திகளை ஊர் ஊராக வாசிக்கும்போது எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. "நபுவாக்காவுக்கு: நம் மரத்துப் பழம் அனுப்பவும். தெபோரா." ஊரே கேட்டது. அவர் கூடையோடு மரத்தடிக்குப் போனார். பழத்தில் பாதியை எலி கடித்திருந்தது. முழுசாகத் தேறியது பதினொன்று. அதைத்தான் கப்பலில் அனுப்பினார். மகள் வாய்விட்டுக் கேட்டதே அந்த ஒன்றுதான், அதிலும் எலி பங்கு வாங்கிவிட்டதே என்று அவருக்கு ஆறவில்லை.

எலி ஏறாமலிருக்க எங்கள் ஊரில் எல்லாத் தென்னைக்கும் தகரம் அடிப்போம். ஒரு சாண் அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி இறுக்கி ஆணி அடித்தால் எலி வழுக்கி விழும். நபுவாக்கா தன் வாழ்நாளில் இருநூறு மரத்துக்காவது அடித்திருப்பார். அடுத்த மே மாதம் மாமரத்துக்கும் அடித்தார். மாமரத்தின் பட்டை கரடுமுரடு, தகரம் ஒட்டவில்லை. ஆள் வேலையில் சுத்தமல்லவா? பாளைக் கத்தியை எடுத்து, முழங்காலுக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையைச் செதுக்கி, வெள்ளைக் கட்டை வழவழவென்று தெரியும்வரை இழைத்து, அதன்மேல் தகரத்தைச் சுற்றினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எலி குதித்தால் தாண்டிவிடும் உயரம், அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வருஷம் மரம் பூத்ததை இப்போதும் பேசுகிறார்கள். இலை தெரியவில்லை. கிளை ஒடியும்படி காய்த்தது, முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். பழத்தின் இனிப்போ, பாகு காய்ச்சுகிற அகினெத்தியே "இதுல பாகு ஊத்துனது யாரு?" என்று கேட்டாள். எலி தின்றது போக, பன்றி தின்றது போக, ஊர் முழுக்கத் தின்றது. தெபோரா புருஷனோடு கிறிஸ்துமஸுக்கு வந்தாள். பழைய கவட்டில் ஏறி உட்கார்ந்து தின்று, கொட்டையை நாலு பக்கமும் துப்பினாள். நபுவாக்கா தென்னையில் ஏறி, தகரம் கண்டவன் தகப்பன், பழம் கண்டவள் மகள் என்று தன்னையே புகழ்ந்து பாடினார்.

அந்த வருஷத்துத் தித்திப்பு எங்கிருந்து வந்தது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அடுத்த மே மாதம் ஒரு காலையில் நபுவாக்கா மருந்தகத்துக்கு வந்தார். உடம்புக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார்.

"சிஸ்டர், கையில கயிறு கட்டி இறுக்கிட்டா என்ன ஆவும்?"

"எவன் கையில?"

"எவனோ ஒருத்தன் கையில."

எனக்குப் பொறுமை கிடையாது. ரத்தம் எடுக்கக் கட்டுகிற ரப்பர்க் குழாயை எடுத்து அவர் புஜத்திலேயே கட்டினேன். கொஞ்ச நேரத்தில் முன்கை நரம்பெல்லாம் புடைத்தது.

"பாருங்க. கைக்கு வர்ற ரத்தம் ஆழத்துல வருது. நான் கட்டுனது அதை நிறுத்தல, அது வந்துக்கிட்டேதான் இருக்கு. திரும்பிப் போற ரத்தம் தோலுக்கு அடியிலயே போவுது. அது மாட்டிக்கிச்சு. அதான் வீங்குது."

அவர் தன் கையையே பார்த்தார். "திரும்பி வரும்னு அந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருக்கறது?"

"காத்துக்கிட்டே இருக்கும். ரொம்ப நேரம் வச்சா கெட்டுடும். யாரு கைண்ணே அது? அடிதடியா?"

"கை இல்ல சிஸ்டர். மரம்."

அகினெத்தி சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நாங்கள் இருவரும் மாமரத்தடிக்குப் போனோம். இலை சின்னதாக, வெளுத்து, மேலே கிளை நுனி காய்ந்திருந்தது. அவர் தகரத்தை நெம்பி எடுத்தார். பிள்ளை வளர்ந்த பிறகும் அவிழ்க்காத அரைஞாண் கயிற்றுக்கு மேல் வயிறு பிதுங்குமே, அப்படித் தகரத்துக்கு மேலே பட்டை பருத்துத் தொங்கியது. கீழே பட்டை சுருங்கி, வெடித்து, கறுத்திருந்தது.

"தண்ணி ஊத்துறா அகினெத்தி," என்றார். "சாயங்காலம் ஆறு வாளி. எடுக்குது. ஆனாலும் காயுது."

"தண்ணி கட்டை வழியா மேல போவுதுண்ணே. கட்டையைத்தான் நீங்க விட்டுட்டீங்களே. பட்டை வழியா வேற என்னமோ கீழ வரணும்."

"மேலேருந்து கீழ என்ன வரும்? எல்லாம் வேர்லேருந்துதான மேல போவுது? பதநீரே வேர்லேருந்துதான ஏறி வருது."

"அப்ப ஓலை இல்லாத தென்னையில பதநீர் வருமா?"

நான் வாய்க்கு வந்ததைத்தான் கேட்டேன். அவருக்குத் தெரியும். புயலில் ஓலை போன மரத்தில், வேர் எவ்வளவு திடமாக இருந்தாலும், புது ஓலை விரிகிறவரை பாளையில் சொட்டு இனிப்பு இறங்காது. இது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"முப்பது வருஷம் அதை நக்கிப் பாத்திருக்கேன் சிஸ்டர். இனிப்பு இலையில உண்டாவுதுன்னு தோணல." பிறகு, "போன வருஷம் பழத்துல இருந்த இனிப்பு..." என்று சொல்லி நிறுத்தினார். சொல்லி முடிக்க வேண்டியிருக்கவில்லை. வேருக்குப் போக வேண்டிய சோற்றைத் தகரம் மறித்தது. போக வழியில்லாமல் அது பூவிலும் பழத்திலும் கொட்டியது. நாங்கள் விரலைச் சூப்பிச் சூப்பித் தின்றோம், வேர் ஒரு வருஷமாகப் பட்டினி கிடந்தது.

"தென்னைக்கு ஏன் ஒண்ணும் ஆவல?" என்றேன்.

"தென்னைக்குப் பட்டை ஏது? வெட்டிப் பாத்தா குறுக்குல பூரா புள்ளிபுள்ளியா நாரு இருக்கும், நடுவுலயும் இருக்கும் ஓரத்துலயும் இருக்கும். ஓரத்த வெட்டுனா நடுவுல போவும். இது எல்லாத்தையும் தோலுலயே வச்சிருக்கு, பைத்தியக்கார மரம்." திட்டிக்கொண்டே அந்தக் கறுத்த பட்டையைத் தடவினார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். தகரத்தை எடுத்துப் பழையபடி சுற்றினார். இந்த முறை எலிக்காக இல்லை, அகினெத்தி பார்க்கக் கூடாதென்று. "அவகிட்ட சொல்லாதீங்க. அவ அந்த மரத்தத்தான் மகளா நெனைச்சுக்கிட்டிருக்கா."

அன்று சாயங்காலமே வானொலியில் செய்தி வந்தது. "தெபோரா ஐந்து மாதம். ரத்தம் குறைவு, சாப்பிட முடியவில்லை, படுக்கையில் இருக்கிறாள். கவலை வேண்டாம்." கவலை வேண்டாம் என்று வானொலியில் சொன்னால் ஊருக்கே கவலை வந்துவிடும். ஐந்து மாதம்வரை எங்களுக்குச் சொல்லாமல் பயந்திருக்கிறாள் பெண். நான் நர்ஸ். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் மண்ணில் போன நச்சுக்கொடிக்கும் ஹொனியாராவில் இருக்கிறவளின் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்தச் செய்தியைக் கேட்டதும் என் கண் முதலில் போனது மாமரத்துக்குத்தான்.

மறுநாளிலிருந்து நபுவாக்கா பாடுவதை நிறுத்திவிட்டார். ஏறுவார், சீவுவார், பாட்டிலை மாற்றுவார், பூனை மாதிரி இறங்குவார். கிணற்றடியில் ஈரத்துணியோடு நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தால் மேலே ஆள். என்ன ரகளை. "கிழட்டு வயசுல புத்தி போகுது பாரு" என்று ஒருத்தி செருப்பைத் தூக்கி எறிந்தாள்.

அகினெத்தி என்னிடம் வந்தாள். "நெல்மா, அந்த ஆளுக்கு என்ன?"

"தொண்டை கட்டிருக்கும்."

"தொண்டை கட்டுனா ஒம்பது நாளாவா? அவருக்குத் தொண்டையே கிடையாது, எங்கேருந்து கட்டும்?" சிரிக்கவில்லை. "ஏதோ இருக்கு. மரம் வாடுது, மக படுத்துட்டா, இவரு ஊமையாயிட்டாரு. மூணுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு இருக்கு. உனக்கும் தெரியும்."

நான் மாத்திரை எண்ணுவதுபோல் பாசாங்கு செய்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

பத்தாம் நாள் காலை. கிணற்றடியில் நல்ல கூட்டம். அகினெத்தி வாளியோடு நின்றாள், நானும் இருந்தேன். தென்னை உச்சியிலிருந்து அந்தக் கூழாங்கல் குரல் உருண்டது.

"தென்னைக்குக் கட்டுற தகரத்த
மாமரத்துக்குக் கட்டுன மடையன் நான்
மகளோட கொடி தூங்குற மரத்த
மூச்சுமுட்ட இறுக்குன பாவி நான்
தண்ணி மேல போவுது, சோறு கீழ வரல
இருட்டுல வேரு பசிச்சு அழுவுது
ஊருக்கே இனிச்சது அது பட்டினி கெடந்த இனிப்பு
அகினெத்தி, அகினெத்தி, கல்லு எடுத்து வை
எறங்கி வாரேன், தலையோட வாரேன்."

தரையில் நின்று அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மரத்தின் மேல் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் ஊர் கேட்கப் பாடிவிட்டார். அகினெத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தென்னையின் அடிக்குப் போய் நின்றாள்.

"எறங்கி வாய்யா."

"கல்லு வச்சிருக்கியா?"

"இல்ல. வா."

இறங்கினார். அவள் அடித்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்கு நேராகத் திருப்பினாள்.

"பத்து நாளா தனியாவா சுமந்த? எங்கிட்ட சொல்ல என்னய்யா பயம்? மூணு புள்ளய சேந்துதான பொதைச்சோம்?"

அவர் அழுதார். கிணற்றடியில் பாதிப் பேர் அழுதார்கள். அகினெத்தி அழவில்லை. இடுப்புத் துணியின் முனையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அழுதா வேருக்குப் போயிடுமா? நர்ஸு, வெட்டுறது தைக்கிறதுதான உன் பொழப்பு. ஏதாவது செய்."

நான் படித்த மிஷன் பள்ளியில் தோட்டக்காரர் ஆரஞ்சு மரங்களுக்கு ஒட்டுக் கட்டுவார். பன்றி பட்டையைக் கடித்த ஒரு மரத்துக்கு, அடியில் சுற்றிலும் கன்று நட்டு, கன்றின் தலையை அறுத்து, காயத்துக்கு மேலே உள்ள பட்டைக்குள் செருகியதை நான் பார்த்திருக்கிறேன். கன்றின் வேர் கீழே, உடல் மேலே மரத்தோடு சேரும். அது பிழைத்ததா என்று நினைவில்லை. அதை மட்டும் நான் இவர்களிடம் சொல்லவில்லை.

"மாங்கன்னு வேணும். ரெண்டரை அடி உசரமாவது வேணும்."

அகினெத்தி என்னைக் கூட்டிக்கொண்டு போய் மரத்துக்குப் பின்பக்கத்தைக் காட்டினாள். தினம் பெருக்குகிறவள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பெருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தெபோரா கவட்டில் உட்கார்ந்து துப்பிய கொட்டைகள் அங்கே விழுந்து முளைத்து நின்றன. "அவ வாயில இருந்து விழுந்ததாச்சே, எப்படிப் பெருக்குறது?" என்றாள். எண்ணினோம், பதினொன்று தேறியது.

வேர்மண் உதிராமல் பெயர்த்து மரத்தைச் சுற்றி நட்டோம். அவை பிடிக்க ஒரு மாதம் பொறுத்தோம். பிறகு ஒரு நாள் விடிந்ததும் என் அறுவைக் கத்தி, பேண்டேஜ், ரப்பர்க் குழாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். நபுவாக்கா வீங்கிய பட்டையில் கீறிவிடுவார். நான் கன்றின் நுனியைச் சாய்வாக அறுத்து உள்ளே செருகுவேன். அகினெத்தி அழுத்திப் பிடித்துச் சுற்றிக் கட்டுவாள். மாம்பால் பட்டு மூன்று பேர் கையும் வெந்தது. நான் ரப்பர்க் குழாயை எடுத்துச் சுற்றப் போனபோது அவர் என் கையைப் பிடித்தார்.

"இறுக்கிடாதீங்க."

"இது அப்படி இல்லண்ணே. வளந்ததும் அவுத்துருவோம்."

அவர் தினம் மூன்று வேளை போய்ப் பார்த்தார். ஒன்றைப் பன்றி முறித்தது. ஆறு ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஒவ்வொன்று காயும்போதும் என்னிடம் வந்து ஆள் செத்த செய்தி மாதிரி சொல்லிவிட்டுப் போவார். மீதி நாலு. செப்டம்பரில் அந்த நாலும் செருகிய இடத்தில் பருத்து, மரத்தோடு ஒன்றாகிப்போயின. மரத்தில் ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்துவிட்டது, வெட்டினோம். மறுபக்கம், தெபோராவின் கவட்டுக்கு மேலே, செம்பு நிறத்தில் துளிர் விட்டது. அகினெத்தி அதைத் தொடக்கூட இல்லை. பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, அடுப்பை ஊதினாள்.

அக்டோபரில் வானொலி சொன்னது: "தெபோராவுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம்." நபுவாக்கா அப்போது மரத்தில் இருந்தார். கீழேயிருந்து ஊரே ஒரே குரலில் கத்தியதில் கத்தியைத் தவறவிட்டார், நல்லவேளை ஆள் விழவில்லை.

டிசம்பரில் கப்பலில் வந்தாள், இரண்டு மாதக் குழந்தையோடு. இளைத்திருந்தாள், ஆனால் உதட்டில் ரத்தச் சிவப்பு இருந்தது. நான் முதலில் அதைத்தான் பார்த்தேன். அவளிடம் யாரும் தகரக் கதையைச் சொல்லக் கூடாது, தானே சொல்ல வேண்டும் என்று நபுவாக்கா ஊருக்கே உத்தரவு போட்டிருந்தார். மாமரத்தடிக்குக் கூட்டிப்போனார். பாதி மொட்டை, அடியில் நாலு சின்னக் கால் முளைத்தது மாதிரி நிற்கும் மரத்தைக் காட்டி, தொண்டையைச் செருமினார்.

"அம்மா, இந்த மரத்துக்கு நான்..."

தெபோரா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மெல்லப் பாடினாள். அவளுக்கு அம்மா குரல், தேன் மாதிரி.

"தண்ணி மேல போவுது, சோறு கீழ வரல, இருட்டுல வேரு பசிச்சு அழுவுது."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "உனக்கு யாரு சொன்னா?"

"யாருப்பா சொல்லணும்? உங்க பாட்டு கப்பல் ஏறி ஜூலையிலயே ஹொனியாராவுக்கு வந்துருச்சு. நம்ம ஆளு கப்பல்ல வேல பாக்குறவன் எல்லாம் பாடுறான். துறைமுகத்துப் பக்கத்துல ஒருத்தர் பாளை சீவுறாரு, அவரு தினம் எங்க ஜன்னலுக்கு நேரா பாடுவாரு." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அப்ப நான் ஒண்ணும் சாப்பிடாம சுவரப் பாத்துப் படுத்திருந்தேன்பா. இதுவும் தங்காதுன்னு முடிவு பண்ணிட்டேன். பாட்டக் கேட்டேன். எங்கப்பா ஒரு மரத்தோட வேரு பசிக்குதுன்னு ஊரறிய அழுவுறாரு, நான் எம் புள்ளயப் பட்டினி போட்டுக்கிட்டு படுத்திருக்கேன். அன்னைக்கு எந்திரிச்சு ஈரலும் கீரையும் தின்னேன். வாந்தி எடுத்தேன். மறுபடி தின்னேன்."

நபுவாக்கா மரத்தைப் பிடித்துக்கொண்டார். அகினெத்தி இந்த முறை அழுதாள்.

தெபோரா ஒரு தீப்பெட்டியை எடுத்துத் தகப்பன் கையில் கொடுத்தாள். அதற்குள் குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடி இருந்தது. "ஆஸ்பத்திரியில பெரிய கொடி போயிடுச்சுப்பா. இது மட்டும்தான் பத்திரமா வச்சேன். பொதைங்க."

"புதுசா ஒரு தென்னை வைப்போம்மா," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "தென்னைதான் நல்லது. நான் என்ன செஞ்சாலும் தாங்கும்."

"வேணாம். இங்கதான்," என்று ஒட்டுக் கன்றுகளில் மெலிந்து நின்ற ஒன்றைக் காலால் காட்டினாள்.

அவர் கையாலேயே தோண்டினார். அகினெத்தி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். நான் சும்மா நின்றேன், எனக்கு அங்கே வேலை இல்லை.

அன்று சாயங்காலம் அவர் மரமேறினார். நாங்கள் கீழே காத்திருந்தோம், பேத்தியைப் பற்றிப் பெரிதாக ஏதோ பாடப்போகிறார் என்று. அவர் பாளையைச் சீவினார், பாட்டிலைக் கட்டினார், பிறகு அந்த மோசமான குரலில், நர்ஸம்மா கீழே நின்று சட்டை முனையில் மூக்கைத் துடைக்கிறாள் என்று பாடினார்.